மண்டபத்தை அழித்துச் சென்னை என்று எழுதிய புரொஃபைல்: கட்டணத்தைத் திரும்பக் கேட்டு ஒரு புகார்

அனுப்புநர்:
தங்கள் சேவையைப் பணம் கட்டிப் பெற்ற வாடிக்கையாளர்,
மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
வேலைவாய்ப்பு புரொஃபைல் தயாரிப்பு நிறுவனம்.

பொருள்: லிங்க்டின் புரொஃபைலைச் சீராக்கித் தருவதாகப் பணம் வாங்கி, உண்மை விவரங்களை நீக்கிப் பொய் விவரங்களைச் சேர்த்தது தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். என் லிங்க்டின் புரொஃபைலை என் துறையில் ஆள் எடுப்பவர்களின் கண்ணில் படும்படி மாற்றித் தருகிறோம் என்று சொல்லி, உங்கள் நிறுவனம் என்னிடம் ரூ.6,500 வாங்கியது. நீங்கள் வேலையை முடித்துக் கொடுத்தபோது அதில் என் படிப்பையும் புகைப்படத்தையும் தவிர எதுவும் என்னுடையதாக இல்லை. தொலைபேசியில் சொன்னால் ஒவ்வொரு முறையும் வேறொருவர் எடுத்து முதலிலிருந்து கேட்கிறார். அதனால் எழுத்தில் தருகிறேன்.

நான் கடல் உயிரியலில் எம்.எஸ்சி. முடித்தவள். தேவிபட்டினம் பக்கம் ஓர் இறால் பண்ணையில் டெக்னீஷியனாக வேலை பார்க்கிறேன். படிக்கிற காலத்திலிருந்தே அம்மாவின் மகளிர் குழுவோடு கடல்பாசி வளர்ப்பிலும் இருக்கிறேன். இதைத்தான் என் பழைய புரொஃபைலில் எழுதியிருந்தேன். தலைப்பு வரியில் ‘இறால் பண்ணை டெக்னீஷியன், வனாமி வளர்ப்பு, நீர்த்தரப் பரிசோதனை, கடல்பாசி வளர்ப்பு’ என்று இருந்தது. வனாமி என்பது பண்ணைகளில் வளர்க்கும் ஓர் இறால் வகை. ஊர் என்ற இடத்தில் மண்டபம் இருந்தது.

நீங்கள் அந்த வரியை எடுத்துவிட்டு, ‘நீலப் பொருளாதாரத்தில் மாற்றத்தை உருவாக்கும் தொலைநோக்குத் தலைவர்’ என்று பொருள் வரும் ஓர் ஆங்கில வரியைப் போட்டீர்கள். லிங்க்டினில் தலைப்பு வரிக்கு 220 எழுத்துதான் இடம். ஹெச்.ஆர். ஆட்கள் பதவியின் பெயர், திறன், ஊர் என்று போட்டுத்தான் தேடுகிறார்கள். இறால் பண்ணைக்கு ஆள் தேடுகிறவர் ‘வனாமி’ என்று தேடுவார், ‘நீர்த்தரம்’ என்று தேடுவார். தொலைநோக்குத் தலைவர் வேண்டும் என்று எந்தப் பண்ணையிலும் யாரும் தேடப் போவதில்லை. தேடினால் கிடைக்கிற சொற்களை எடுத்துவிட்டு, தேடவே மாட்டாத சொற்களை வைத்ததற்கு நான் பணம் கட்டியிருக்கிறேன்.

அனுபவப் பகுதியில் நான் எழுதியிருந்ததையும் ‘சின்னச் சின்ன வேலைகள், நன்றாக இருக்காது’ என்று உங்கள் ஆலோசகர் நீக்கிவிட்டார். அந்தச் சின்ன வேலைகள் என்னவென்று கொஞ்சம் சொல்ல வேண்டும். தீவனம் போட்ட பிறகு குளத்தில் இறக்கி வைத்த செக் ட்ரே என்ற சோதனைத் தட்டைத் தூக்கிப் பார்ப்பேன். தட்டில் தீவனம் மிச்சம் கிடந்தால் அடுத்த வேளை அளவைக் குறைக்க வேண்டும், சுத்தமாகத் தீர்ந்திருந்தால் கூட்டலாம். இறாலின் குடலில் தீவனம் நிறைந்திருக்கிறதா, விட்டுவிட்டு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். விடிவதற்கு முன்புதான் தண்ணீரில் ஆக்சிஜன் மிகவும் குறைந்திருக்கும். அந்த நேரத்தில் மீட்டரை வைத்து அளந்து, குறைந்திருந்தால் தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் எல்லாவற்றையும் போட வேண்டும். தாமதித்தால் இறால் கரையோரம் மேலே வந்து நிற்கும், அதற்குப் பிறகு அந்தக் குளத்தைக் காப்பாற்றுவது கஷ்டம். ஒரு பண்ணை முதலாளி என்னை வேலைக்கு எடுக்கிறார் என்றால் இதற்காகத்தான் எடுப்பார்.

கடல்பாசி பற்றிய பகுதியும் காணோம். எங்கள் பக்கம் பெப்சிப் பாசி என்று சொல்லும் கப்பாபைகஸை 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவையில் கயிறு கட்டி வளர்க்கிறோம். 45 நாளில் அறுவடை. மீன் கடித்துவிடாமல் அடியில் வலை கட்டுவது, தண்ணீர் சூடாகிப் பாசி வெளுக்கத் தொடங்கினால் அதைப் பார்த்த உடனே பிரித்து எடுப்பது, அடுத்த நடவுக்கு நல்ல விதைப்பாசி ஒதுக்குவது எல்லாம் எனக்குக் கைவந்த வேலை. எங்கள் மாவட்டத்து வலமாவூரில் பல்நோக்குக் கடல்பாசிப் பூங்காவுக்கு 2023இல் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். இந்த வேலை தெரிந்த ஆளுக்குத் தேவை வருகிற நேரத்தில் அதை என் புரொஃபைலில் இருந்து எடுத்தது பெரிய இழப்பு.

ஊர் விஷயத்துக்கு வருகிறேன். என்னை அதிகம் வருத்தியது இதுதான். ‘மண்டபம்னா யாருக்கும் தெரியாது மேடம், சென்னைன்னு போட்டாத்தான் கூப்பிடுவாங்க’ என்றார் உங்கள் ஆலோசகர். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1947இல் தொடங்கப்பட்டது. 1971இல் கொச்சிக்குப் போகும் வரை அதன் தலைமையகம் இருந்தது மண்டபத்தில். இன்றும் அதன் மண்டல மையம் இங்கே இருக்கிறது, கடல்பாசி ஆராய்ச்சிக்கென்றே இன்னொரு மத்திய அரசு நிலையமும் இருக்கிறது. கடல் வளர்ப்பில் இருக்கிறவர்களுக்கு மண்டபம் தெரியும். தெரியாதவர்களிடம் எனக்கு வேலையும் இல்லை. ஊரை வைத்து வடிகட்டித் தேடுவதால், இப்போது தூத்துக்குடியிலோ இராமநாதபுரத்திலோ ஆள் தேடுகிறவருக்கு நான் சென்னைக்காரியாகத் தெரிகிறேன். சென்னையில் ஆள் தேடுகிறவருக்கோ நான் நாளைக்கே நேரில் வரக்கூடியவளாகத் தெரிகிறேன். இரண்டு பக்கமும் பொய்.

அப்புறம், ‘நாற்பது பேர் கொண்ட குழுவை வழிநடத்தியவர்’ என்று ஒரு வரி. நான் சொல்லாததை யார் எழுதினார்கள்? ஒரு பண்ணை மேலாளர் அதைப் பார்த்துவிட்டு என்னை அழைத்தார். நல்ல இடம், நல்ல சம்பளம். எடுத்ததும், ‘நாற்பது பேரை எந்தப் பண்ணையில் பார்த்தீர்கள்?’ என்று கேட்டார். அப்படி நான் யாரையும் மேற்பார்வை பார்த்ததில்லை என்று உண்மையைச் சொன்னேன். ‘அப்படியென்றால் மற்றதையும் எப்படி நம்புவது?’ என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. செக் ட்ரே பற்றியோ ஆக்சிஜன் பற்றியோ கேட்டிருந்தால் அவருக்கு வேண்டிய பதில் எல்லாம் என்னிடம் இருந்தது. என் பேச்சுக்கு அங்கே மதிப்பில்லாமல் செய்தது உங்கள் ஒரு வரி.

வேலை தேடுகிறேன் என்ற அறிவிப்பை ஆள் எடுப்பவர்களுக்கு மட்டும் காட்டவும் லிங்க்டினில் வழி இருக்கிறது, எல்லாருக்கும் காட்டவும் வழி இருக்கிறது. இப்போதைய வேலை கையில் இருக்கும்போது எல்லாருக்கும் காட்டக் கூடாது என்று நான் மின்னஞ்சலில் தெளிவாக எழுதியிருந்தேன். நீங்கள் எல்லாருக்கும் காட்டும்படி வைத்து, என் படத்தைச் சுற்றிப் பச்சை வளையமும் போட்டுவிட்டீர்கள். என் பண்ணை மேலாளர் பார்த்துவிட்டு, ‘போறதா இருந்தா சொல்லிட்டுப் போம்மா’ என்றார். அறுவடை நேரத்தில் அவருடைய நம்பிக்கையை இழந்து வேலை பார்ப்பது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

என் கணக்கிலிருந்து முன்பின் தெரியாதவர்களுக்குக் கண்டபடி நட்பு அழைப்புகளையும் அனுப்பியிருக்கிறீர்கள். குறுகிய நேரத்தில் நிறைய அழைப்பு போனாலும், பலர் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டாலும் லிங்க்டின் கணக்கைக் கட்டுப்படுத்தும். அப்படியே நடந்தது. கொஞ்ச காலம் நானே விரும்பியவர்களுக்குக்கூட அழைப்பு அனுப்ப முடியவில்லை. என்னோடு படித்து இப்போது நெல்லூர்ப் பக்கம் குஞ்சு பொரிப்பகங்களில் இருப்பவர்களிடம் வாய்ப்பு விசாரிக்க நினைத்திருந்த நேரம் அது. இந்தத் துறையில் பாதி வேலை தெரிந்தவர் சொல்லித்தான் கிடைக்கிறது. கணக்கின் கடவுச்சொல்லைத் தந்தால்தான் வேலையைத் தொடங்குவோம் என்பது உங்கள் நிபந்தனை. கணக்கை இன்னொருவரோடு பகிரக் கூடாது என்பது லிங்க்டினின் விதி. அந்த விதியை மீறும்படி எல்லா வாடிக்கையாளரிடமும் கேட்பதை முதலில் நிறுத்துங்கள்.

இத்தனைக்கும் மேல், என் புரொஃபைலின் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உங்கள் விளம்பரத்தில் போட்டிருக்கிறீர்கள். யாரிடம் அனுமதி வாங்கினீர்கள்?

நான் கேட்பது இவை. கட்டிய ரூ.6,500 முழுவதையும் திருப்பித் தர வேண்டும். விளம்பரத்திலிருந்து என் படத்தையும் விவரத்தையும் உடனே எடுக்க வேண்டும். என் கணக்கிலிருந்து யார் யாருக்கு என்ன எழுதி அனுப்பினீர்கள் என்ற பட்டியல் எனக்கு வேண்டும், அவர்களிடம் நான் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்களிடம் கொடுத்த சான்றிதழ் நகல்களை அழித்துவிட்டதாக எழுத்தில் உறுதி தர வேண்டும். குழுவை வழிநடத்தியதாக எழுதிய வரி உங்கள் ஆலோசகர் சேர்த்தது என்று நிறுவனத்தின் பெயரில் ஒரு கடிதமும் வேண்டும். அந்த வரியைப் பார்த்து என்னை அழைத்த பண்ணை மேலாளருக்கு அதை அனுப்பப் போகிறேன். புரொஃபைலை மறுபடி நீங்கள் திருத்த வேண்டாம். ஊரையும் தலைப்பு வரியையும் நானே பழையபடி எழுதிவிட்டேன், கடவுச்சொல்லையும் மாற்றிவிட்டேன்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்துவிட்டு, இராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் சேவைக் குறைபாடு என்று மனு போடுவேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணமும் இல்லை. பணம் கட்டிய ரசீது, உங்கள் ஆலோசகருடன் நடந்த மின்னஞ்சல்கள், பழைய, புதிய புரொஃபைலின் பிரதிகள் ஆகியவற்றை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
மண்டபம்.