பாவமும் குற்றமும் ஒன்றல்ல: சட்டம் இயற்றுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சட்டம் இயற்றும் அவைகளில் உட்கார்ந்திருக்கும் மதிப்பிற்குரியவர்களே,

எந்த நாடு, எந்தக் கட்சி என்று பார்க்காமல் உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டாவது பத்தியிலேயே "இவன் நாத்திகன், வேறெப்படிப் பேசுவான்" என்று ஒதுக்கிவிடுவீர்கள். நான் கடவுள் நம்பிக்கை உள்ளவன். தப்பு செய்தால் மேலே ஒருத்தன் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்ற பயம் இந்த வயதிலும் போகவில்லை. அந்தப் பயம் எனக்கும் அவனுக்கும் நடுவில் இருக்கட்டும், நடுவில் ஒரு காவல்காரரை நிறுத்த வேண்டாம் என்றுதான் கேட்கிறேன்.

தமிழில் பாவம் வேறு சொல், குற்றம் வேறு சொல். பாவம் செய்தவனைப் பார்த்தே "ஐயோ பாவம்" என்று இரங்கவும் நமக்கு வாய் வருகிறது. குற்றம் என்று எழுதிவிட்டால் வழக்கு, சாட்சி, சிறை, அவ்வளவுதான். இந்த இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டினால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய இங்கிலாந்தின் விவாகரத்துச் சட்டத்தைப் பாருங்கள்.

1920-களில் அங்கே திருமண முறிவுக்கு நீதிமன்றம் ஏற்ற காரணம் ஏறக்குறைய ஒன்றே ஒன்று: துணையின் கள்ள உறவு. "எங்களுக்கு ஒத்துவரவில்லை, இருவரும் பேசி முடிவு செய்துவிட்டோம்" என்று போய் நின்றால், பேசிவைத்துக்கொண்டு வந்தீர்களா என்று மனுவையே தள்ளிவிடுவார்கள். சரி, மக்கள் என்ன செய்தார்கள்? கணவன் கடலோர ஊர் ஒன்றில் ஹோட்டல் அறை எடுப்பான். கூலிக்கு ஒரு பெண் வருவாள். ராத்திரி முழுக்க இருவரும் சீட்டாடிக்கொண்டிருந்தாலும் கவலையில்லை, காலையில் பணிப்பெண் தேநீர்த் தட்டோடு கதவைத் தட்டும்போது மட்டும் ஒரே கட்டிலில் இருந்தாக வேண்டும். அந்தப் பணிப்பெண் சாட்சி, ஹோட்டல் ரசீது ஆவணம். இப்படியெல்லாம் நடக்கிறது என்று வக்கீல்களுக்கும் தெரியும், நீதிபதிகளுக்கும் தெரியும். திருமணம் புனிதமானது என்று காப்பாற்றக் கிளம்பிய சட்டம், சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொல்ல ஊருக்கே பாடம் எடுத்தது. கைவிட்டுப்போவதையும் கொடுமையையும் காரணமாக ஏற்கவே 1937 ஆனது. மணவாழ்க்கை மீட்க முடியாமல் முறிந்துவிட்டது என்பதே போதும் என்ற சட்டம் 1969-இல் வந்து 1971-இல்தான் நடைமுறைக்கு வந்தது.

அமெரிக்காவின் மதுவிலக்கும் (1920 முதல் 1933 வரை) கிட்டத்தட்ட இதே கதைதான். தேவாலயச் சடங்குக்கான திராட்சை மதுவுக்கும் மருத்துவர் எழுதித்தரும் விஸ்கிக்கும் விலக்கு இருந்தது. திடீரென்று எத்தனை பேருக்கு பக்தியும் நோயும் முற்றியிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

"அப்படியானால் சட்டத்தில் அறமே கூடாது என்கிறாயா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. இல்லை. அறம் இல்லாமல் சட்டம் எழுதவே முடியாது, கொலை தப்பு என்பதும் ஓர் அறம்தானே. அடிமை வணிகத்தை ஒழிக்கச் சொல்லி 1783-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு மனு கொண்டுபோன குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் மதநம்பிக்கையில்தான் போனார்கள். 1807-இல் வணிகம் தடைசெய்யப்பட்டது, 1833-இல் அடிமைமுறையையே ஒழிக்கும் சட்டம் வந்தது. (நஷ்டஈடு 2 கோடி பவுண்டு. அதுவும் அடிமைகளின் உரிமையாளர்களுக்கு! விடுதலையானவர்களுக்கு ஒரு காசு கிடையாது. சட்டத்துக்குள் புகுந்த அறத்தின் லட்சணம் அவ்வளவுதான் அன்று.) ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அடிமைமுறையை ஆதரித்தவர்களும் அதே பைபிளைத்தான் கையில் வைத்திருந்தார்கள். வசனத்துக்கு வசனம் பதில் சொல்லிக்கொண்டே போகலாம், முடிவு வராது. கப்பலின் அடித்தட்டில் மனிதர்களைச் சங்கிலியோடு அடுக்கிக் கிடத்தியிருந்ததைப் பார்த்து இது தப்பு என்று சொல்ல எந்த வேதமும் படித்திருக்க வேண்டியதில்லை. குவேக்கர்களுக்குத் தூண்டுதல் மதம், அவர்கள் ஊர்முன் வைத்த ஆதாரமோ யார் கண்ணுக்கும் தெரியக்கூடியது.

நான் உங்களிடம் கேட்பதும் இதைத்தான். எங்கிருந்து வேண்டுமானாலும் தூண்டுதல் வரட்டும், சட்டத்துக்குச் சொல்லும் காரணம் மட்டும் உங்கள் கடவுளைக் கும்பிடாதவனிடமும் எடுத்துவைக்கக்கூடியதாக இருக்கட்டும். அடிபட்டவர் யார் என்று காட்டுங்கள். பிரிட்டிஷ் கணிதமேதை ஆலன் டூரிங்குக்கு 1952-இல் ஓரினச்சேர்க்கைக்காகத் தண்டனை கொடுத்தார்களே, சிறைக்குப் பதில் ஹார்மோன் சிகிச்சையை ஏற்க வைத்தார்களே, அதில் பாதிக்கப்பட்டவர் என்று யாரைக் காட்டினார்கள்? 1954-இல் அவர் இறந்துபோனார். தனிவாழ்க்கை ஒழுக்கம் சட்டத்தின் வேலை இல்லை என்று அந்நாட்டு அரசு அமைத்த உல்ஃபென்டன் குழு 1957-இல் எழுதி, அது சட்டமாக 1967 ஆகி, டூரிங்குக்கு மன்னிப்பு வந்தது 2013-இல். மன்னிக்கிறார்களாம்!

இந்த அளவுகோல் எல்லா இடத்திலும் அளந்துவிடும் என்று நான் பீற்றிக்கொள்ளவில்லை. கருக்கலைப்பில் அடிபடுபவர் யார் என்பதே சண்டை, கரு எப்போது ஆளாகிறது என்பதற்கு ஆய்வுக்கூடம் மட்டும் பதில் சொல்லிவிடாது. கருணைக்கொலையும் அப்படித்தான். அங்கே நானே தடுமாறுகிறேன், ஒரு வாரம் ஒரு பக்கம் சாய்கிறேன், அடுத்த வாரம் மறுபக்கம். ஆனால் இரண்டு விஷயங்களில் தடுமாற்றம் இருக்கிறது என்பதற்காக, யாருக்கு என்ன கெடுதல் என்று சுலபமாகச் சொல்லிவிடக்கூடிய இருநூறு விஷயங்களிலும் வேதப்புத்தகத்தைப் பிரிக்க வேண்டுமா?

அயர்லாந்தின் 1937 அரசியலமைப்பு விவாகரத்தையே தடைசெய்திருந்தது. 1986-இல் மாற்றலாமா என்று மக்களைக் கேட்டபோது வேண்டாம் என்றார்கள். 1995-இல் மறுபடி கேட்டு, 9,114 வாக்கு வித்தியாசத்தில், மயிரிழையில், தடை போனது. வேண்டாம் என்று ஓட்டுப் போட்ட எட்டு லட்சம் பேரில் ஒருவர்கூட மணவிலக்கு பெற்றே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. எதிர்ப்பக்கம் ஜெயித்தாலும் தோற்றவர் தன் நம்பிக்கைப்படி வாழ முடிகிறது. 1986-இல் தோற்றவர்களுக்கு அந்த வசதி இல்லை.

அடுத்த மசோதாவைக் கொண்டுவரும்போது நோக்கம், காரணம் என்று ஒரு பக்கம் எழுதுவீர்கள் அல்லவா, அதை உங்கள் மதத்தைச் சேராத ஒருவரிடம் முதலில் வாசிக்கக் கொடுங்கள். நாளைக்கு அவருடைய ஆட்கள் பெரும்பான்மையாக வந்து, அதே மாதிரிக் காரணம் சொல்லி, அதே மாதிரிச் சட்டத்தை உங்கள் வீட்டுப் படுக்கையறைக்கும் பூஜையறைக்கும் போட்டால் சம்மதமா என்று அவர் கேட்பார். பதில் சொல்லிவிட்டு அப்புறம் வாக்கெடுப்புக்கு விடுங்கள்.

இப்படிக்கு,
கடவுளிடம் தன் கணக்கைத் தானே பார்த்துக்கொள்ள விரும்பும் ஒரு வாக்காளன்