திரும்ப எத்தனை மணிக்குப் பஸ்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் பயணப் பக்கத்தில் தரங்கம்பாடியைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் நன்றாக இருந்தன. கடைசியில் 'சுற்றிப் பார்க்கத் தேவையான நேரம்: ஒன்றரை மணி' என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தீர்கள். அந்தக் கட்டத்துக்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் பொறையார்க்காரன். 1988இல் நடத்துநர் வேலையில் சேர்ந்து, பாதி சர்வீஸை மயிலாடுதுறை – காரைக்கால் தடத்திலேயே கழித்தவன். அதற்கு இரண்டு வருடம் முன்புதான் மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு ஓடிக்கொண்டிருந்த ரயிலை நிறுத்தியிருந்தார்கள். ரயிலில் வந்த கூட்டமும் எங்கள் தலையில்தான் ஏறியது. சுற்றுலா வருகிறவர்களைத் தொப்பியையும் தண்ணீர் பாட்டிலையும் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன். தரங்கம்பாடியில் இறங்கும்போது ஒரு கால் படியிலும் ஒரு கால் தரையிலுமாக நின்றுகொண்டு, "சார், திரும்ப எத்தனை மணிக்குப் பஸ்?" என்று கேட்பார்கள். இன்னும் கடலைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். நேரத்தைச் சொல்லிவிட்டு விசில் கொடுப்பேன். மனசுக்குள் ஒரு சிரிப்பு வரும், கொஞ்சம் வருத்தமாகவும் இருக்கும்.

பெரும்பாலும் அவர்கள் திருக்கடையூருக்கு வந்தவர்கள். அபிராமி சன்னதியில் அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் காலையிலேயே முடிந்துவிடும். சாப்பாடு ஆனதும் பத்து கிலோமீட்டருக்குள் ஒரு டேனிஷ் கோட்டை இருக்கிறதே, போகிற வழியில் எட்டிப் பார்த்துவிடலாம் என்று வேனைத் திருப்புவார்கள். அதாவது சித்திரை மாதத்து மதியம் இரண்டு மணிக்கு, பட்டு வேட்டி பட்டுப் புடவையோடு, நிழலே இல்லாத கடற்கரை மைதானத்தில் வந்து இறங்குவார்கள். அப்புறம் 'ஒன்றுமில்லை, வெயில்தான்' என்று ஊருக்குப் போய்ச் சொல்வார்கள்.

என் அறுபதுக்கு எங்கள் வீட்டிலும் இதே கதைதான் நடந்திருக்கும். கோயம்புத்தூரிலிருந்து மகள் வீட்டாரும் சம்பந்தி வீட்டாருமாக ஒரு வேன் ஆட்கள். மாப்பிள்ளை மூன்று மணிக்கே, "மாமா, கோட்டைய ஒரு ரவுண்டு பார்த்துட்டு அப்படியே கிளம்பிடறோம்" என்றார். நான் விடவில்லை. எல்லோரையும் வீட்டில் பாய் போட்டுப் படுக்க வைத்துவிட்டு நாலு மணிக்கு மேல்தான் கூட்டிப் போனேன்.

நான் கூட்டிப்போன வழியையே எழுதுகிறேன். வேனை ஊர் வாயிலுக்கு வெளியிலேயே நிறுத்திவிட வேண்டும். 1792இல் கட்டிய வெள்ளை வாயில் அது. அதற்குள் நுழைந்து ராஜ வீதியில் நடந்தால் சீயோன் தேவாலயம் 1701, புது எருசலேம் தேவாலயம் 1718. இரண்டாவதன் முகப்பில் டென்மார்க் ராஜாவின் கிரீடம் இருக்கும், உள்ளே பலிபீடத்துக்கு முன்னால் ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கின் கல்லறை. 1706 ஜூலையில் வந்து இறங்கியபோது அவருக்கு இருபத்து நாலு வயது. தமிழ் தெரியாது. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் 'அ' எழுதிப் பழகினார். ஒன்பதாவது வருடம் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்துவிட்டது. காகிதம் போதவில்லை என்று பொறையாரிலேயே காகிதப் பட்டறை போட்டார்கள். கடுதாசிப்பட்டறை என்று இன்றும் எங்கள் பக்கத்தில் அந்த இடத்துக்குப் பேர். முப்பத்தாறு வயதில் இறந்துபோனார். இந்தியாவில் முதன்முதலாகத் தமிழ் அச்சேறியதே இங்கேதான் என்று யாராவது அடித்துவிட்டால் மட்டும் நம்பாதீர்கள். அது 1578இல் கொல்லத்தில்.

கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகத்தை மாலையில் மூடிவிடுவார்கள் என்பதால் முதலில் அதைப் பார்த்துவிடுவது நல்லது. தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரிடம் 1620இல் அனுமதி வாங்கி டென்மார்க்காரர்கள் கட்டிய கோட்டை. மிளகு வாங்க வந்தவர்கள் இருநூறு வருடத்துக்கு மேல் இருந்துவிட்டு, 1845இல் வங்காளத்து செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சத்துக்கு வெள்ளைக்காரனிடம் விற்றுவிட்டுப் போனார்கள். இதைச் சொன்னதும் என் சம்பந்தி, "இன்னைக்கு அந்தக் காசுக்கு எங்க ஊர்ல அரை சென்ட் வராது" என்றார்.

கட்டுரையில் 'அலைகள் பாடும் ஊர்' என்று தலைப்பு வைத்திருந்தீர்கள். எல்லோரும் வைக்கிற தலைப்புதான், குறை சொல்லவில்லை. ஆனால் மாசிலாமணிநாதர் கோயில் கல்வெட்டில் ஊரின் பேர் சடங்கன்பாடி. வாணியம்பாடி, காட்பாடி மாதிரி இதுவும் ஒரு பாடி. அலையும் பாட்டும் பிற்பாடு யாரோ ரசனைக்காரர் சேர்த்ததாக இருக்கும். கோட்டைக்குப் பக்கத்தில் கடலோரமாகவே இருக்கிறது அந்தக் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தது. கோட்டையைவிட முந்நூறு வருடம் மூத்தது. அதை உங்கள் கட்டுரை ஒரு வரியோடு விட்டுவிட்டது. முன்பக்கத்தைக் கடல் கொண்டுபோய்விட்டது. சின்ன வயதில் நாங்கள் ஓடி விளையாடிய இடத்தில் இப்போது அலை அடிக்கிறது. அங்கே பத்து நிமிஷம் சும்மா நின்றால் போதும், கடல் எத்தனை தூரம் உள்ளே வந்திருக்கிறது என்று யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது முக்கியமான விஷயம். கோட்டைக்கு முன்னால் கடலில் குளிக்காதீர்கள். கால் நனைப்பதோடு சரி. அன்று சாயங்காலம் என் பேரன் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தான், ஏழு வயது. பெரிய அலைகூட இல்லை. திரும்பிப் போகிற தண்ணீர் காலுக்குக் கீழே இருந்த மணலை உருவிக்கொண்டு போக, பையன் உட்கார்ந்த வாக்கில் அப்படியே சறுக்கினான். வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், நான் எழுந்திரிப்பதற்குள் வந்து சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கிவிட்டார். தொடை முழுக்கக் கல் சிராய்ப்பு. ஒரு செருப்பு போனது போனதுதான். "தரை நாலு அடிக்கு மேல இறங்கிடும் தம்பி. எங்க பிள்ளைங்களே இங்க குளிக்காது" என்று என்னைப் பார்த்துத்தான் சொன்னார். இத்தனை வருடம் இந்தத் தடத்தில் போய்வந்தவன், எனக்கே அது தெரிந்திருக்கவில்லை. அங்கே ஒரு எச்சரிக்கைப் பலகைகூட எங்கள் கண்ணில் படவில்லை. உங்கள் கட்டத்துக்குள் நேரத்துக்குப் பதிலாக இதைப் போட்டிருக்கலாம்.

இன்னொன்றும் அந்தக் கட்டத்தில் சேரலாம். மீனவர் தெருவில் போய், "சுனாமி எதுவரைக்கும் வந்துச்சு?" என்று கேட்காதீர்கள். வருகிறவர்கள் எல்லோரும் இதைக் கேட்கிறார்கள். பதில் சொல்கிற அம்மாவின் வீட்டில் யார் இல்லாமல் போனார்கள் என்று கேட்கிறவருக்குத் தெரியாது.

சரி, மீன். விடிவதற்குள் கரைக்குப் போனால் படகு வந்து சேர்வதையும் ஏலத்தையும் பார்க்கலாம். சங்கரா, கிழங்கான், நெத்திலி எல்லாம் கூடையில் துள்ளிக்கொண்டு இருக்கும். ஆனால் பள்ளி விடுமுறையில் மே மாதம் வந்து வஞ்சிரம் எங்கே என்று கேட்டால் நியாயமில்லை. ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை அறுபத்தொரு நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகுக்காரர்கள் பிடித்து வருவதுதான் அப்போது கிடைக்கும். ஐப்பசி கார்த்திகையில் மழையும் புயலும் இருக்கும். என்னைக் கேட்டால் தை, மாசியில் வாருங்கள்.

தங்குவதற்குக் கடலைப் பார்த்த பழைய பங்களாவும் உண்டு, பணத்தைக் கொஞ்சம் எண்ணி வைக்க வேண்டும். மற்றவர்களுக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாண புண்ணியத்தில் லாட்ஜுக்குக் குறைச்சல் இல்லை. மறுநாள் காலையில் அனந்தமங்கலம் போய்ப் பத்துக் கை ஆஞ்சநேயரைப் பார்க்கலாம். வடக்கே போனால் பூம்புகார், அங்கே சிலப்பதிகாரக் கலைக்கூடம். தெற்கே நண்டலாற்றைத் தாண்டினால் காரைக்கால், ஆனியில் வந்தால் அம்மையாருக்கு மாங்கனித் திருவிழா. நண்டலாற்றைத் தாண்டுகிற எல்லோரும் அம்மையாரைப் பார்க்கத்தான் போகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. கடைசி பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவனுக்கு அது தெரியும்.

அந்த கடைசி பஸ்ஸைப் பற்றியும் ஒரு வார்த்தை. இருட்டுகிற வரை கடற்கரையில் உட்கார வேண்டும் என்றுதான் இவ்வளவும் எழுதினேன். ஆனால் கார் இல்லாதவர் எட்டு மணிக்கு மேல் மெயின் ரோட்டில் நின்றால், வருகிற பஸ்ஸெல்லாம் நிற்கும் என்று சொல்ல முடியாது. நானும் சில நாள் நிற்காமல் விசில் கொடுத்தவன்தான், கூட்டம் அப்படி. சனி ஞாயிறில் ஒன்பது மணிக்கு ஒரு பஸ் கடற்கரைப் பக்கம் வந்து திரும்பினால் பெரிய உதவியாக இருக்கும். சம்பந்தப்பட்டவர்கள் உங்கள் பத்திரிகையைப் படிப்பார்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

என் மாப்பிள்ளை மறுநாள் சாயங்காலம்தான் கிளம்பினார். பேரனுக்குப் பொறையார் கடைத்தெருவில் புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். அடுத்த லீவுக்கும் அங்கேதான் போக வேண்டும் என்கிறானாம். போன செருப்பு கரையில் ஒதுங்கியிருக்குமா என்று போனில் இரண்டு தடவை கேட்டுவிட்டான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர்,
பொறையார், மயிலாடுதுறை மாவட்டம்.