மயக்க ஊசிக்கு முன்னும் பின்னும்

ஐயா,

உங்கள் விவசாயப் பக்கத்தில் வந்த கன்று வளர்ப்புக் கட்டுரையில் சீம்பால், குடற்புழு நீக்கம், தடுப்பூசி எல்லாம் இருந்தன. கன்றுக்கு ஆபரேஷன் என்று வந்தால் வளர்ப்பவர் என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் இல்லை.

எங்கள் கலப்பினக் கிடேரிக்கு ஒன்றரை மாதத்தில் தொப்புளில் குடலிறக்கம். ஆபரேஷனுக்குப் "பட்டினி போட்டு ஓட்டிட்டு வாங்க" என்றார்கள் கால்நடை மருத்துவமனையில். கறவை மாட்டுக்கு மாதிரிதான் இதற்கும் என்று நினைத்து, முதல் நாள் ராத்திரிப் பாலையே நிறுத்திவிட்டோம். கேட்டதும் மருத்துவர் தலையில் அடித்துக்கொண்டார். பெரிய மாட்டுக்கு நாலு அறை வயிற்றில் தீனி சேரும் முதல் வயிறு நிறையத் தீனி கிடக்கும். மயக்கத்தில் வயிறு உப்பும், எதுக்களித்து வரும். பால்குடிக் கன்றுக்கு அந்த வயிறே இன்னும் சரியாக வளர்ந்திருக்காது. ரொம்ப நேரம் காயப்போட்டால் ரத்தத்தில் சர்க்கரைதான் இறங்கும். காலைப் பாலை மட்டும் நிறுத்தியிருந்தால் போதுமாம்.

மயக்கத்துக்குப் போட்டது சைலசின் என்ற மருந்து ஊசி. குதிரைக்குப் போடுவதில் பத்தில் ஒரு பங்கே மாட்டினத்துக்குப் போதும், ஆடு அதைவிடத் தாங்காது என்றார். நாடித்துடிப்பும் மூச்சும் குறையும், எச்சில் வழியும்.

தையல் முடிந்ததும் வராண்டாவில் வெறும் சிமெண்ட் தரையில் கிடத்தினார்கள். மார்கழி மாதம். காதைத் தொட்டேன், சில்லென்றிருந்தது. 101 முதல் 103 வரை இருக்க வேண்டிய சூடு, தெர்மாமீட்டரில் 97தான் காட்டியது. சின்ன உடம்பு சூட்டைச் சீக்கிரம் விட்டுவிடும். மயக்கத்தில் நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளவும் அதனால் முடியாது. கோணிச் சாக்கை விரித்து, என் துண்டால் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

அப்புறம் மாமியார் சொம்பில் சர்க்கரைத் தண்ணீரோடு வந்தார். அவரைக் குறை சொல்லமாட்டேன், மயங்கிக் கிடந்தால் யாருக்கும் கை அதற்குத்தான் போகும். நல்லவேளை, உதவியாளர் பார்த்துத் தடுத்தார். விழுங்கும் உணர்வு திரும்பாமல் ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். கன்றை நெஞ்சு தரையில் படும்படி நிமிர்த்தி உட்காரவைத்து, எச்சில் வெளியே வடிய மூக்கைத் தாழ்த்திப் பிடிக்கச் சொன்னார். சாயங்காலம் எழுந்து நின்று பால் குடித்தது.

இதையெல்லாம் முதல் நாளே அரைப் பக்கத் தாளில் தமிழில் அச்சடித்துக் கையில் கொடுத்தால் என்ன? அதுவரை உங்கள் பக்கத்திலாவது ஒரு மருத்துவரை எழுதச் சொல்லுங்கள். ஆட்டுக்குட்டிக்கும் சேர்த்து.

கறவை மாடு வளர்க்கும் வாசகி,
கோபிசெட்டிபாளையம்