மக்சிக் வீட்டு ஐஸ்பெட்டிக்கு ஒரு நன்றி மடல்

பத்தாங் பெர்ஜுந்தை மக்களுக்கும் சுற்றுத் தோட்டத்துச் சொந்தங்களுக்கும் வணக்கம். சிலாங்கூரில் உள்ள நம் ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிப் பல காலம் ஆனாலும் நமக்கு வாயில் வருவது பழைய பெயர்தான்.

வெள்ளம் வடிந்து பத்து நாள் ஆகிறது. நடந்ததை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாதிப் பேர் அதே சேற்றில் நின்றவர்கள். நம் புத்தகக் கடையில் எது மிஞ்சியது என்ற கணக்கு நேற்றிரவுதான் முடிந்தது. பிள்ளைகளுக்குக் கதை எழுதும் நம் டீச்சரின் கைப்பிரதிகள் 41இல் 38 பிழைத்துவிட்டன. எழுதும்போதே கை நடுங்குகிறது.

முதல் நன்றி, பசார் (சந்தை) பின்புறம் மேட்டு வீட்டில் கறிபாப் என்னும் மசாலாப் பலகாரம் செய்து உறைய வைத்து விற்கும் மக்சிக்குக்கு, அதாவது நம் மலாய் அத்தைக்கு.

நனைந்த தாளில் இரண்டு நாளுக்குள் பூசணம் பிடித்துவிடும். நம் ஊர்ப் புழுக்கத்தில் அதற்கு முன்பே வாடை தொடங்கும். அந்த இரண்டு நாளில் அத்தனை புத்தகத்தையும் தாள் தாளாகப் பிரித்து உலர்த்த எத்தனை கை இருந்தாலும் போதாது. உறைய வைத்தால் நேரம் கிடைக்கும்: பூஜ்யத்துக்குக் கீழே 18 பாகையில் பூசணம் சாகாது, ஆனால் வளராது, மையும் மேற்கொண்டு கசியாது. செய்ய வேண்டியது தெரிந்திருந்தது. ஆனால் கடைத்தெருவில் மின்சாரம் இல்லை. சாப்பாட்டுப் பொருள் வைக்கும் பெட்டியில் சேற்றுத் தாளை வைக்கட்டுமா என்று யாரிடம் போய்க் கேட்பது?

கேட்காமலே அவர் வந்தார். வாசலில் குவிந்திருந்ததைப் பார்த்தார். "பாவா சினி. செமுவா." எல்லாவற்றையும் இங்கே கொண்டு வா என்று அவ்வளவுதான் சொன்னார். விற்பனைக்கு வைத்திருந்த சரக்கை மகள் வீட்டுக்கு மாற்றிவிட்டு, படுக்கை வாக்கில் இருக்கும் அந்தப் பெரிய பெட்டி முழுவதையும் ஒழித்துக் கொடுத்தார். அந்தச் சரக்குதான் அவருடைய வருமானம்.

அதோடு நிற்கவில்லை. நாங்கள் கட்டுக் கட்டாக அடுக்கப் போனபோது தடுத்தார். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் வெளிப்பக்கம் மட்டும் இறுகும், நடுவில் இருப்பது ஈரமாகவே கிடந்து கெட்டுப்போகும்; கறிபாப்பும் அப்படித்தான் என்றார். தட்டில் ஒரே வரிசையாகப் பரப்பி, நன்றாக இறுகிய பிறகு எடுத்துப் பையில் அடுக்கி, அடுத்த தட்டை வைக்க வேண்டும். ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்கக் கேக் சுடும் தாளைச் சுற்ற வேண்டும். அந்தத் தாள் சுருளையும் அவரே கொடுத்தார். தமிழில் ஓர் எழுத்து அவருக்குத் தெரியாது. எங்களைவிடக் கவனமாகச் சுற்றினார்.

கைப்பிரதி என்றால் என்ன என்று சிலர் கேட்டீர்கள். எட்டு ஏ4 தாளை நடுவில் மடித்துத் தைத்தால் 32 பக்கம். பக்கத்துக்கு ஒரு வரி, மேலே நீர்வண்ணப் படம், பிடிக்காத சொல்லின்மேல் ஒட்டிய சிறு துண்டுத் தாள். டீச்சர் அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒவ்வொரு கதையையும் இப்படிச் செய்து, தோட்டத்துப் பாலர் பள்ளியில் வாசித்துக் காட்டி, பிள்ளைகள் எந்தப் பக்கத்தில் வேறெங்கோ பார்க்கிறார்கள் என்று ஓரத்தில் பென்சிலால் குறித்து வைப்பார். முப்பது ஆண்டு உழைப்பு அந்த ஓரக் குறிப்புகளில் இருக்கிறது. முதல்நிலைக் கதைகளில் கொம்பு வைத்த எழுத்தே வராது. 'கெ' என்று எழுதும்போது கண்ணுக்கு முதலில் தெரிவது கொம்பு, காதுக்கு முதலில் கேட்பது 'க்'; நான்கு வயதுப் பிள்ளை அங்கேதான் தடுக்கி விழும் என்பார். அதனால் 'ஆடு வந்தது. மாடும் வந்தது.' என்றே கதை நகரும். எழுத்தைச் சொல்லிக் கொடுக்கும் முன் மடியில் வைத்துக் கதையை வாசியுங்கள் என்று கடைக்கு வரும் ஒவ்வொரு தாயிடமும் சொல்வார், புத்தகம் வாங்காதவர்களிடமும்.

உருக்கி உலர்த்தும் வேலை இன்னும் நடக்கிறது. ஒரு நாளைக்கு ஐந்தாறு பிரதிக்கு மேல் வெளியே எடுப்பதில்லை. அச்சுப் புத்தகங்களை உறைய வைக்கும் முன்பே, மூடியபடி இறுகப் பிடித்து நல்ல தண்ணீரில் அலசிவிட்டோம். நீர்வண்ணம் தீட்டிய கைப்பிரதிகளை அலசவில்லை. அலசினால் படமே போய்விடும். அவை சேற்றோடு உறைந்தன, காய்ந்தபின் மெல்லிய தூரிகையால் தட்டுகிறோம். தாளைத் தைத்த கம்பி ஊசியை (ஸ்டேப்ளர் பின்) முதலில் கழற்றிவிட வேண்டும், துரு தாளில் இறங்கிவிடும். பிறகு தாள்களுக்கு இடையில் அச்சடிக்காத வெள்ளைத் தாள். ஈரம் ஏறியதும் மாற்ற வேண்டும். மின்விசிறி புத்தகத்தை நேராகப் பார்க்கக்கூடாது, அறைக் காற்று ஓடினால் போதும். அன்போடு கொடிக்கயிற்றில் காயப்போட்டுக் கொடுத்தவர்களுக்கும் நன்றி, ஆனால் இனி வெயிலில் வைக்க வேண்டாம்: தாள் வேகமாகச் சுருங்கி நெளிந்துவிடும், நிறமும் வெளுக்கும்.

வழவழப்பான தாளில் அச்சான படக்கதைகள் பெரும்பாலும் போய்விட்டன. அந்தத் தாளின் மேல் பூச்சு ஈரத்தில் பசையாகிவிடும். உலரும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் பிரித்திருக்க வேண்டும், முடியவில்லை. கைக்குழந்தைகளுக்கான கெட்டி அட்டைப் புத்தகங்கள் அடுக்கடுக்காக உரிந்துவிட்டன. போன 3 கைப்பிரதிகளும் ஊற்றுப் பேனா மையில் எழுதியவை. பந்துமுனைப் பேனாவில் எழுதியது ஒரு வரிகூடக் கலையவில்லை. அந்த மூன்றையும் டீச்சர் நினைவிலிருந்து மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறார்.

லோரி கொடுத்த செம்பனை ஆலைத் தோழர்கள், வெள்ளைத் தாள் கட்டுக்குக் காசு வாங்க மறுத்த எழுதுபொருள் கடைத் தவுக்கே (முதலாளி), மண்டபத்தைத் திறந்துவிட்ட பெற்றோர் ஆசிரியர் சங்கம், மூன்று வேளையும் சோறு அனுப்பிய கோயில் நிர்வாகம், தாள் மாற்ற வந்த இடைநிலைப்பள்ளி மாணவர்கள், அலமாரிகளைக் கழுவிய தம்பிமார்கள் எல்லாருக்கும் கைகூப்பி நன்றி.

இனிக் கடையில் அடித்தட்டு இடுப்புயரத்தில்தான் தொடங்கும். கைப்பிரதிகள் ஒவ்வொன்றையும் படமெடுத்து இரண்டு வீட்டில் வைப்போம். இது நாங்கள் உங்கள் முன் கொடுக்கும் வாக்கு.

பெட்டியில் இன்னும் இரண்டு தட்டு இருக்கிறது. வெள்ளிக்கிழமை அவற்றை எடுத்துவிட்டு, சோடா மாவு கரைத்த நீரால் பெட்டியைத் துடைத்து மக்சிக்கிடம் ஒப்படைக்கிறோம். சனிக்கிழமை வாசிப்பு வழக்கம்போல் மாலை 4 மணிக்கு, இந்த முறை அவர் வீட்டு முற்றத்தில். பிள்ளைகளை அழைத்து வாருங்கள். ஆட்டுக் கதையைக் கைப்பிரதியிலிருந்தே டீச்சர் வாசிக்கிறார். கீழ் ஓரத்தில் ஒரு சேற்றுக் கோடு தெரியும், பக்கம் புரட்டும்போது கொஞ்சம் சரசரக்கும்.

அன்புடன்,
புத்தகக் கடை வாசிப்புக் குழுவினர்