அடிமனை வாடகை மேல்முறையீடு: கூட நின்றவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

கும்பகோணத்தில் கோயில் மனையில் சொந்தமாக வீடு கட்டி, நிலத்துக்கு மட்டும் அடிமனை வாடகை செலுத்திவரும் தெருக்காரர்கள் சேர்ந்து எழுதும் மடல் இது. வாடகையைப் பல மடங்கு உயர்த்திய ஆணையை எதிர்த்து நாங்கள் போட்ட மனுக்கள் சென்னையில் அறநிலையத் துறை ஆணையர் முன் விசாரணைக்கு எடுக்கப்பட்டுள்ளன. இதுவரை வந்தது உங்களால்தான்.

முதல் வணக்கம், ஓய்வுபெற்ற சர்வேயர் ஐயாவுக்கு. பழைய குத்தகைச் சீட்டுகளில் அளவு குழிக்கணக்கில் இருக்கும். தஞ்சைப் பக்கம் ஒரு குழி 144 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. நாலரைக் குழி மனை 648 சதுர அடிதான். அதையே நாலரை சென்ட் என்று பதிவேட்டில் ஏற்றினால் 1,960 சதுர அடியாகிவிடும். வாடகையும் மூன்று மடங்காகும். வெயிலில் டேப் பிடித்து நான்கு பக்கமும் அளந்து, பொதுச் சந்தின் இடத்தைக் கழித்து, டவுன் சர்வே வரைபடத்தோடு ஒப்பிட்டுத் தந்தார். இந்த ஒரு தாள் இல்லாத மனுவுக்கு உயிரே இல்லை.

வாடகைக் கணக்குக்கு எடுக்கும் வழிகாட்டி மதிப்பை, அதாவது அரசு நிர்ணயிக்கும் நில மதிப்பை, பத்திர எழுத்தர் அண்ணன் பார்த்துச் சொன்னார். உள்சந்து மனைக்குக் கடைத்தெரு மதிப்பைப் போடுவது அடிக்கடி நடக்கும் தவறு. 2017 ஜூனில் மதிப்பு 33 சதவீதம் குறைக்கப்பட்டது, பிறகு மீண்டும் மாறியது. ஆகவே எந்தக் காலத்து வாடகையோ அந்தக் காலத்து மதிப்பையே எடுக்க வேண்டும்.

வழக்கறிஞர் அம்மாவுக்குத் தனி நன்றி. 1959-ஆம் ஆண்டு அறநிலையச் சட்டம் 34-ஏ பிரிவின்படி, ஆணை கைக்கு வந்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். அதனால் தபால் முத்திரை உள்ள உறையைக் கிழித்துப் போடாதீர்கள் என்று வீடு வீடாகச் சொல்லவைத்தார். நிர்ணயித்த வாடகையைக் கோயில் கணக்கில் கட்டிய ரசீது இல்லாமல் மனுவை ஏற்கமாட்டார்கள். கோபத்தில் வாடகையே கட்டாமல் விட்டால் குத்தகை ரத்தாகும். அதன்பின் நாம் ஆக்கிரமிப்பாளர், ஆக்கிரமிப்பை அகற்றும் 78-ஆம் பிரிவு பாயும். பல குடும்பங்கள் வீட்டை இழப்பது உயர்ந்த வாடகையால் அல்ல, இந்த இடறலால்.

மனுவுக்கு முன் கட்ட வேண்டிய அந்த வாடகைப் பணத்துக்கு வழியில்லாத வீடுகளுக்குச் சேமிப்பிலிருந்து கைகொடுத்த மகளிர் குழு அக்காமாருக்கு எப்படி நன்றி சொல்ல! வாடகையை அலுவலகத்தில் வாங்க மறுத்த மாதங்களில் மணியார்டர் அனுப்பி, ‘மறுக்கப்பட்டது’ என்று திரும்பி வந்த படிவத்தைப் பத்திரப்படுத்தச் சொன்ன தபால்காரத் தம்பிக்கும், கடன் சொல்லி நகலெடுத்துக் கொடுத்த ஜெராக்ஸ் கடைக்காரருக்கும் நன்றி.

ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறோம். கோயிலில் விளக்கெரிய வேண்டும், அதற்கு வாடகை தருவோம். ஆனால் நாங்கள் கட்டிய சுவருக்கும் கூரைக்கும் வாடகை கேட்பது நியாயமில்லை. வீடு நம்முடையது என்பதற்கு வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு அட்டை, கட்டட அனுமதி வரைபடம் மூன்றையும் மனுவோடு இணைத்துக் கொடுங்கள்.

தாத்தா பெயரிலேயே குத்தகை ஓடும் வீடுகளின் வேலை இன்னும் முடியவில்லை. வாரிசுச் சான்று, இறப்புச் சான்று, கடைசி வாடகை ரசீதோடு பெயர் மாற்ற மனுவை இப்போதே கொடுத்துவிடுங்கள். வாடகையை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி நிர்ணயிப்பார்கள். அடுத்த ஆணை உங்கள் பெயருக்கே வரட்டும்.

இப்படிக்கு,
கோயில் மனைக் குடியிருப்போர்,
கும்பகோணம்