ராட்வைலர் கேட்கிற பையன்

அன்புள்ள செல்விக்கு,

மாமாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. இங்கே அல்சூரில் எல்லோரும் நலம். சின்னவளுக்கு வேலை கிடைத்துவிட்டது.

சரி, உன் பையன் ராட்வைலர் நாய்க்குட்டி கேட்டு அடம்பிடிக்கிறான், அது ஆளையே கொல்லுமாமே என்று எழுதியிருந்தாய். எங்கள் கீழ்வீட்டில் ஒன்று இருக்கிறது, ராணி. நாளெல்லாம் தூணில் சங்கிலியோடு கிடக்கும். கேட்டைத் திறந்தாலே பாயும். போன வருஷம் கூரியர் பையனின் கையைக் கவ்விவிட்டது. வீட்டுக்காரர்கள் ஒரு மாதம் ஊருக்குப் போனபோது சோறு வைக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மூன்று நாள் தட்டைத் தள்ளிவிட்டு ஓடிவந்தேன். நாலாம் நாள்தான் பார்த்தேன், கழுத்துப்பட்டைக்கு அடியில் முடி கொட்டித் தோல் தடித்துப் போயிருந்தது. இரண்டு வாரத்தில், நான் படியில் உட்கார்ந்தால் முழங்காலில் உடம்பைச் சாய்த்துக்கொண்டு பெருமூச்சு விட ஆரம்பித்தது.

ஜெர்மனியில் கசாப்புக்காரர்களுக்கு மாடு ஓட்டிய, வண்டி இழுத்த இனம் செல்வி இது. அதைத் தூணில் கட்டிவைத்தால் என்ன ஆகும்? எய்தவன் இருக்க அம்பை நோகிறோம். 2022இல் 18,000க்கும் மேற்பட்ட நாய்களை வைத்துச் செய்த ஆய்வில், ஒரு நாயின் குணத்தில் இனத்தின் பங்கு 9 சதவீதம்தான் என்று வந்தது. 2024 மார்ச்சில் மத்திய அரசு ராட்வைலர், பிட்புல் உட்பட 23 இனங்களைத் தடைசெய்யச் சொன்னது. சம்பந்தப்பட்டவர்களைக் கேட்காமல் எடுத்த முடிவு என்று ஏப்ரலிலேயே எங்கள் கர்நாடக உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அடுத்த மாதமே சென்னை ஆயிரம் விளக்குப் பூங்காவில் இரண்டு ராட்வைலர்கள் 5 வயதுக் குழந்தையைக் கடித்துக் குதறின. அன்றிரவு எனக்குத் தூக்கமே இல்லை. குணம் எப்படியோ, 50 கிலோ நாய் கடித்தால் அந்தக் கடியே வேறு.

அதனால் கேட்கிறேன்: அடுத்த வருஷம் அவன் ஹாஸ்டலுக்குப் போய்விட்டால், தெருவில் அதை இழுத்து நிறுத்த உன்னால் முடியுமா? தினமும் இரண்டு வேளை நடத்த ஆள் உண்டா? இல்லையென்றால் வேண்டாம்.

வீட்டுக்காரர்கள் திரும்பி வந்து ராணியை மறுபடி தூணில் கட்டிவிட்டார்கள். சண்டை போட்டு, சாயங்காலம் அரைமணி நேரம் அவிழ்த்துவிட அனுமதி வாங்கியிருக்கிறேன். அதற்கு நேரமாகிவிட்டது, கீழே போகிறேன்.

அன்புடன்,
மல்லிகா