அலெக்சாண்டரும் ஆளுநர் பதவியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரிகளை ஆளுநராக்கலாமா என்று விவாதிப்பவர்கள் பி.சி. அலெக்சாண்டரை மறந்துவிடுவது வியப்பளிக்கிறது. 1948-இல் பணியில் சேர்ந்து, இந்திரா காந்தியின் முதன்மைச் செயலராக உயர்ந்த அவர், தம் அலுவலக ஊழியர்களே உளவு வழக்கில் சிக்கியதும், அதற்குப் பொறுப்பேற்று 1985 ஜனவரியில் பதவி விலகினார். 1988-இல் தமிழக ஆளுநராக வந்தபோது இங்குக் குடியரசுத் தலைவர் ஆட்சி நடந்ததால், அமைச்சரவைக்குச் செல்ல வேண்டிய கோப்புகள் நேரே அவர் மேசைக்கே வந்தன. அந்த ஓராண்டில் அவரிடம் ஆளுநரைவிடப் பழைய செயலரே அதிகம் தெரிந்தார் என்பேன். 1989 ஜனவரியில் கருணாநிதிக்குப் பதவிப் பிரமாணம் செய்துவைத்ததோடு அந்த அதிகாரம் கைமாறியது. ஆயினும், பின்னர் சுமார் ஒன்பதரை ஆண்டுகள் ஆளுநராக இருந்த மகாராஷ்டிரத்திலிருந்தே, 2002-இல் விலகிய கையோடு அவர் மாநிலங்களவைக்குச் சென்றதை மட்டும் என்னால் ஏற்க இயலவில்லை.

– வாசகர், தஞ்சாவூர்